வாளிக்குள் சிவப்புக் கோடு

ஹாலில் கிடத்தியிருந்த புருஷனின் பதினேழு சட்டைகளையும் அவள் தலைகீழாக உதறி முடித்துவிட்டாள். பஸ் டிக்கெட், மூன்று பேனா மூடி. அந்த எண் மட்டும் இல்லை.

"அக்கா, நாலு மணிக்கு ஆலையில வால்வைத் திறந்துடுவாங்க," என்றான் அவர் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன். கொண்டுவந்த மாலையை மறந்து அக்குளில் இடுக்கியிருந்தான். "டிராயிங்ல அளவு தப்புன்னு சார் நேத்து ராத்திரி போன்ல சொன்னார். 'திருத்தி எழுதி வச்சிருக்கேன், காலையில வா'ன்னார்."

காலையில் அவர் இல்லை.

தாது ஆலைகளுக்கு அழுத்தம் குறைக்கும் கலன் வரைவது அவர் தொழில். கொதிக்கிற தாதுக் குழம்பு பீரங்கிக் குண்டாய் உள்ளே பாயும். அடியில் ஏற்கெனவே குழம்பு ஆழமாகத் தேங்கியிருந்தால் அடங்கிப்போகும். ஆழம் குறைந்தால் இரும்பை அரித்துப் பொத்துக்கொண்டு, கீழே நிற்பவன் தலையில்தான். எவ்வளவு ஆழம்? அதுதான் அந்த எண்.

"நாளைக்குத் திறக்கச் சொல்லேன்டா!"

"சொன்னேன்க்கா. எழுத்துல காட்டுங்கறாங்க."

அந்த மனுஷன் காகிதத்தைத் தவிர உலகத்தில் எல்லாவற்றிலும் எழுதுவார். காலண்டர் முதுகில், ஃபிரிட்ஜ் கதவில், கல்யாணமான புதிதில் அவள் முழங்கையில்கூட. காலண்டரைக் கழற்றினாள். மெத்தையைப் புரட்டினாள். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணி," என்று கெஞ்சிவிட்டு, கொழுந்தன் முகம் கழுவப் போய்க் குழாயைத் திருகினான். வெறும் வாளியில் தண்ணீர் தடதடவென்று இடித்தது.

"நிறுத்து!" என்று கத்தினாள்.

முப்பத்தெட்டு வருஷமாக அவர் போட்ட கூச்சல் அது. முதலில் வாளிக்குள் அவர் போட்ட கோடு வரைக்கும் குவளையால் ஊற்ற வேண்டும், அப்புறம்தான் குழாய். "இல்லன்னா வாளி ஓட்டையாகி ஊரே மூழ்கிடும்!" என்று அவள் கேலி செய்வாள். ஒரு நாளும் ஊற்றியதில்லை.

ஓடிப்போய் வாளியைச் சாய்த்தாள். உள்ளே பழைய கறுப்புக் கோட்டுக்கு நாலு விரல் மேலே புதிதாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்து: 2.6 மீ.

நேற்று சாயந்தரம் அரை மணி நேரம் குளியலறைக்குள் இதைத்தான் செய்திருக்கிறார். கதவைத் தட்டித் திட்டியது அவள்தான்.

டிராஃப்ட்ஸ்மேன் வாளியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, மூன்றே முக்காலுக்கு மூச்சு வாங்க வந்தான். "குழம்பு மட்டத்தை ஏத்துறாங்கக்கா." அப்போதுதான் மாலை ஞாபகம் வந்து ஹாலுக்குப் போனான்.

கொழுந்தன் ஈரக் கையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் டிரம்மிலிருந்து மொண்டு, வாளியின் ஓரமாகச் சாய்த்து ஊற்றினாள். கறுப்புக் கோடு மறைந்தது. இன்னொரு குவளை. இன்னொன்று. சிவப்பைத் தொட்டதும் குழாயை முழுக்கத் திறந்தாள்.

தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது.