எதிர் வீட்டு மச்சம்

ஜலஜா குடியிருக்கும் கட்டடம் மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே வீடு என்று கேட்டால் ஜலஜா மயிலாப்பூர் என்பாள். அதே இரண்டாம் மாடியில், அவள் வாசலுக்கு நேரெதிர் வாசலில் இருக்கும் ரூபீனா ராயப்பேட்டை என்பாள். தபால்காரர் இருவருக்கும் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்.

ஜலஜாவுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். அதை ஒரு குறையென்று சொல்வது பாவம். வேலையில் இருந்த காலமெல்லாம் வங்கியில் காசோலைக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவள். ஒரு வளைவு கொஞ்சம் கூடிவிட்டால்கூட, வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் செக் திரும்பிவிடும். ஓய்வுபெற்ற பிறகு செக் வருவது நின்றது, கண் நிற்கவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு மாடிப்படியும் எதிர் வீட்டு வாசலும்தான் தீனி.

ரூபீனா ஓமனிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கிய வாரமே ஜலஜா முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். மாமியார் நஸ்ருன்னிசா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஓமனில் சலாலா ஊரில் பிறந்த ஜுவேரியாவுக்கு அப்போது பாஸ்போர்ட் கூட எடுக்கவில்லை. தூதரகம் அவசரத்துக்குக் கொடுத்த ஒரு பயணத் தாளை வைத்துக்கொண்டு தாயும் மகளும் விமானம் ஏறிவிட்டார்கள். கணவன் முதஸ்ஸிர் அங்கேயே தங்கிவிட்டான். புதிதாகச் சேர்ந்த கம்பெனி, லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

சிக்கல் பிறகுதான் வந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் நம் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அது இந்தியக் குடிமகள். மாமியாரின் ஆபரேஷன், வாக்கர், பிசியோதெரபி என்று ஓடியதில் அந்த வருஷம் போன இடம் தெரியவில்லை. அதற்கு மேல் போனால் டெல்லியின் அனுமதி வேண்டும். முதஸ்ஸிர் அங்கிருந்து விண்ணப்பம் போட்டிருந்தான். அனுமதி வரும்வரை குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் வரும்வரை அப்பாவும் கிடையாது. ஜுவேரியாவைப் பொறுத்தவரை அப்பா என்பது செல்போனுக்குள் இருக்கும் ஒரு முகம். ராத்திரி தூங்குமுன் அந்தக் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்து எச்சிலாக்கிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது ஜலஜா சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் மாடிப்படியில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறிவந்த ரூபீனாவை நிறுத்தி, "ஏண்டிம்மா, உன் ஆம்படையான் ஒரு தடவையாவது வந்து கொழந்தையப் பார்த்துட்டுப் போகப்படாதோ?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, எல்லாத்தையும் கேட்டுக்கினேதான் இருப்பீங்களா? எங்களைக் கொஞ்சம் நிம்மதியா வுடுங்க."

ரூபீனா கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட ஜலஜா பொறுத்திருப்பாள். அவள் மெதுவாகச் சாத்தினாள். அன்றைக்கே ஜலஜா முடிவு கட்டினாள்: இனிமேல் எதிர் வீட்டில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்த வைராக்கியத்தை அவள் காப்பாற்றியதில்தான் வம்பே வந்து சேர்ந்தது.

அவள் கணவர் கல்யாணராமனிடம் ஒரு பிரின்டர் உண்டு. ரூபீனாவுக்கு மாமியோடுதான் பேச்சில்லை, மாமாவோடு உண்டு. முதஸ்ஸிர் அனுப்பிய விண்ணப்பப் படத்தை அச்செடுத்துத் தரச்சொல்லி அவர் போனுக்கு அனுப்பியிருந்தாள். பிரின்டர் முக்கி முனகி வெளியே தள்ளிய தாளில் மூன்று மாதக் குழந்தை ஜுவேரியா கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இடது கன்னத்தில் அழகாக, வட்டமாக ஒரு மச்சம்.

ஜலஜா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தினமும் பார்க்கிற கன்னம். அதில் மச்சம் கிடையாது.

"ஏன்னா, போட்டோல மச்சம் இருக்கு. மொகத்துல இல்ல. மச்சம் எங்க போகும்?"

"அவாகிட்டயே போய்க் கேளேன்," என்றார் கல்யாணராமன், குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அங்க கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே!"

ஆகவே கேட்க வேண்டிய ஒருத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கேட்டாள். பூக்காரியிடம், "சின்னதுல இருக்கற மச்சம் பெரிசானா மறைஞ்சுடுமோடி?" என்று கேட்டாள். வாட்ச்மேனிடம், "நீ கவனிச்சிருக்கியோ, அந்தக் கொழந்தைக்குக் கன்னத்துல ஏதாவது இருக்கோ?" என்று கேட்டாள். முதல் மாடிக்காரியிடம் படத்தைப் பற்றி விவரமாகவே சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் மாடியில் கேள்வியாகக் கிளம்பியது படியிறங்கித் தெருவுக்குப் போனபோது சேதியாகிவிட்டிருந்தது. படத்தில் இருப்பது வேறு குழந்தையாம், இங்கே இருப்பது வேறு குழந்தையாம். முதஸ்ஸிர் வராமல் இருப்பதற்குக்கூட ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தது. அதை எழுத என் கை கூசுகிறது.

பிறகு ஒரு நாள் மதியம் முருகையன் வந்தார். போலீஸ்காரர்தான், காக்கி போடாத பிரிவு. குழந்தையைப் பற்றிய விசாரணை டெல்லியிலிருந்து சுற்றிச் சுற்றி அவர் கைக்கு வந்திருந்தது. எதிர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஜலஜாவின் அழைப்புமணியை அழுத்தினார். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் என்பதால் உடனே திறந்துவிட்டாள்.

"அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த கேக்கணும் மேடம். அந்தக் குழந்தைய உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வந்த நாள்லேர்ந்து பார்த்துண்டிருக்கேன்."

"அதான் கேக்கறேன். விண்ணப்பத்துல அடையாளம்னு இடது கன்னத்துல மச்சம்னு போட்டுகீது. போட்டோலயும் கீது. குழந்தைக்கு இல்ல. அம்மாவ இவளுக்கு மச்சம் கீதான்னு கேட்டா, பொறந்ததுலேர்ந்தே கிடையாதுன்றாங்க."

ஜலஜாவுக்கு ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்தது. பார்த்தாயா, நான் கண்டுபிடித்ததுதான் என்று உள்ளே திரும்பிக் கல்யாணராமனைப் பார்த்தாள். அவர் பார்த்த பார்வையில் அந்தக் குளிர்ச்சி அடங்கிவிட்டது.

"இப்போ என்ன பண்ணுவேள்?"

"நான் இன்னா பண்றது? கீழ கேட்டா வேற குழந்தைன்றாங்க. சந்தேகம்னு எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் ஃபைலு எப்ப திரும்பும், யாருக்குத் தெரியும்? வருஷக்கணக்கா ஆவும்."

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து ஜுவேரியா செல்போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அத்தா, அத்தா" என்று அப்பாவைக் கூப்பிட்டு அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ரூபீனா சுவரில் சாய்ந்து, முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். வைராக்கியம் வேண்டியதுதான், அதற்காக இப்படியா? ஜலஜா முருகையன் கையிலிருந்த படத்தைக் கேட்டுக்கூட வாங்கவில்லை, பிடுங்கிக்கொண்டு எதிர் வாசலுக்குள் போனாள்.

"ரூபீனா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஆன்ட்டி. இன்னும் கேக்காம இன்னா பாக்கி?"

"இதுல இருக்கற மச்சம் எங்க போச்சு?"

ரூபீனா படத்தை வாங்கினாள். பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"இது மச்சமா? இது மை ஆன்ட்டி! கண்ணு பட்டுடும்னு நான் வெச்ச மை. இன்னிக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். இந்த போலீஸ் சார் மச்சம்னு சொன்னதும் நான் இவ முகத்தத்தான் பாத்தேன், படத்தக் காட்டவேயில்லியே!"

திருஷ்டிப் பொட்டு! ஜலஜா தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தன் பிள்ளைக்குத் தானே வைத்து வளர்த்த பொட்டு. கையெழுத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் பிடித்துவிடுகிறவளுக்கு, மைப்பொட்டைக் கண்டதும் மை என்று தோன்றவில்லை. ரூபீனாவின் போனை வாங்கி, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி முருகையனுக்குக் காட்டினாள். பொட்டு வலது கன்னத்துக்குப் போயிற்று, நெற்றிக்கு ஏறியது, ஒரு படத்தில் அழுது தேய்த்து மூக்கெல்லாம் ஈஷியிருந்தது.

"ஓடற மச்சத்த எங்கயாவது பார்த்திருக்கேளா சார்?"

முருகையன் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். "அப்ப விண்ணப்பத்துல யாரு மச்சம்னு போட்டது?"

அதற்குள் முதஸ்ஸிர் போனில் கிடைத்துவிட்டான். ஹெல்மெட்டும் வியர்வையுமாகத் தெரிந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"டைப்பிங் சென்டர்ல ஃபாரம் அடிக்கிறவன் அடையாளம் ஏதாச்சும் சொல்லுன்னான். போட்டோவப் பாத்து அவனே மச்சம்னு அடிச்சான். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம். பாப்பாவக் கையில எடுத்து ரொம்ப நாளாச்சில்ல... இருந்துச்சா, இல்லியான்னு நினைவு வரல. நம்ம பொண்ணுக்கு மச்சம் கீதான்னு உங்கிட்டயே எப்படிக் கேக்கறது ரூபீ? வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

ஜுவேரியா ஹெல்மெட்டைப் பார்த்து, "தொப்பி" என்றாள்.

முருகையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மை விஷயம் சரி, அத எழுதிக்கறேன். ஆனா கீழ வேற குழந்தைன்னு ஒரு பேச்சு கீதே, அது எங்கேர்ந்து வந்துச்சு? வாட்ச்மேனக் கேட்டா முதல் மாடின்றாரு. முதல் மாடிய கேட்டா..." அவர் மேலே சொல்லாமல் ஜலஜாவைப் பார்த்தார். ஆள் நாசூக்கானவர்.

கல்யாணராமன் வந்து வாசலில் நின்றிருந்தார். இவ்வளவு நாள் வாய் ஓயாதவளுக்கு இப்போது ஒரு சொல்லை வெளியே தள்ளுவது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது.

"நான்தான்," என்றாள் ஜலஜா. "வேற கொழந்தைன்னு சொல்லல. மச்சம் எங்கன்னுதான் கேட்டேன். ஆனா ஊரெல்லாம் கேட்டேன். பேச்சு என்கிட்டேர்ந்துதான் கிளம்பித்து. எழுதிக்கோங்கோ, கையெழுத்துப் போடறேன். இது அந்தக் கொழந்தையேதான். வந்த அன்னிலேர்ந்து இவள நான் பார்க்காத நாள் கெடையாது."

முருகையன் எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்திட்டபோது அவளுக்கு ஒரு வளைவு கூடிவிட்டது. இந்தக் கையெழுத்தோடு ஒரு செக் வந்திருந்தால் அவளே திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவர் படியிறங்கிப் போன பிறகு ரூபீனா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சண்டை போடுவாள் என்று ஜலஜா எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் தேவலை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே ஆன்ட்டி," என்றாள். ஜலஜா வெளியே வந்ததும் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க ஜலஜா யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. கல்யாணராமனுக்கே பயம் வந்து, "உடம்புக்கு ஏதாவது பண்றதா?" என்று விசாரித்தார். எதிர் வீட்டுக்கு டெல்லியிலிருந்து அனுமதி வந்த செய்தியை அவள் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டாள், அதுவும் பூக்காரி சொல்லி.

ஒரு காலை அழைப்புமணி அடித்தது. ரூபீனா நின்றிருந்தாள். புதுச் சட்டையும் ஷூவும் போட்டு, தலையைப் படிய வாரி, ஜுவேரியாவை முன்னால் நிறுத்தியிருந்தாள்.

"பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போறோம் ஆன்ட்டி. அங்க போட்டோ எடுப்பாங்க. உங்க கண்ணால ஒரு தபா பாத்துச் சொல்லுங்க. முகத்துல ஏதாச்சும் கீதா?"

ஜலஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், மோவாய், காதுக்குப் பின்னால்கூட. துளி மை கிடையாது.

"ஒண்ணுமில்ல. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. அது சரி, இவ்வளவு அலங்காரம் பண்ணிண்டு வெளில போறது, மை வைக்காமயா அழைச்சுண்டு போற?" கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரூபீனா குனிந்து குழந்தையின் ஒரு ஷூவைக் கழற்றினாள். உள்ளங்காலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு மை. இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் ஜுவேரியாவும் சிரித்தாள்.

ஷூவை மாட்டிவிட்டு ரூபீனா நிமிர்ந்தாள். "இன்னும் ஏதோ கேக்கணும்போல கீதே ஆன்ட்டி. கேளுங்க. என்னையே கேளுங்க."

"ஓமனுக்குப் போனா," என்று ஆரம்பித்தவள் குழந்தையின் புதுச் சட்டையை நீவிவிட்டாள். "போனா, இவளத் திரும்ப எப்போ அழைச்சுண்டு வருவே?"

ரூபீனா குழந்தையை அவள் பக்கம் நகர்த்தினாள். ஜலஜா குனிந்து, குழந்தையின் இடது கன்னத்தில், மச்சம் இல்லாத அந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள்.