எழாத கால்கள்

எழுமலையில் ஒரு பள்ளி ஆண்டு விழா. மேடையில் தவசியும் அவன் மனைவி பாண்டீஸ்வரியும் ஒரே பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன் உயரத்துக்கு இருக்கும் பொம்மை. தலையும் வலது கையும் அவள் பிடியில். தவசியின் இடது கை பொம்மையின் இடது கையை ஆட்டும்; அவனுடைய வலது கை அதன் கால்களை ஆட்டும். இருவர் முகத்திலும் கறுப்புத் துணி. பேச்சே கிடையாது. பக்கத்தில் கேட்கும் மூச்சை வைத்துத்தான் அடுத்த எட்டு.

பொம்மை ஆற்றில் இறங்கும் இடம் வந்தது. கால்கள் எழவில்லை. பலகையில் சரசரவென்று இழுபட்டன.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏங்க, காலத் தூக்குங்க," என்றாள் துணிக்குள்ளிருந்தே.

பொம்மையின் இடது கை மட்டும் அழகாக நீந்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் தவசி கால்களை ஒருமுறையும் தவறவிட்டதில்லை. காதைத் தீட்டிக் கேட்டாள். அவன் மூச்சு அவள் மூச்சோடு சேரவில்லை.

"என்ன செய்யுது? சொல்லுங்க!"

"ம்... ழ்..." என்று ஏதோ குழறினான்.

அவள் பொம்மையை விட்டுவிட்டாள். அது தலைகுப்புற விழுந்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒன்று வீறிட்டது. அவன் முகத்துணியை இழுத்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

"அண்ணே, வண்டிய எடுங்க! ஓடியாங்க!" என்று மேடையோரம் நின்ற வேன் டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

பள்ளி வேன் உசிலம்பட்டி தாண்டி மதுரைக்குப் பறந்தது. வழி முழுக்க அவன் தலையை மடியில் தாங்கியிருந்தாள். "தூங்கிராதீக," என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எப்பம்மா ஆரம்பிச்சது?"

"கால் இழுத்தப்பவே சார். ஆத்துல இறங்கையில."

"இவரு காலா?"

"பொம்மையோட கால் சார். அப்ப மணி மூணு இருக்கும்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே விரைந்தார்.

பக்கவாதம், நேரத்தோடு வந்ததால் மருந்து ஏற்ற முடிந்தது என்றார்கள். செயலிழந்த வலது கை திரும்பவும் அசையுமா என்பதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவன் வலது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரல் அசைந்தது. சந்தோஷம் வருவதற்குள் பயம் வந்தது. பொம்மைக் கைகளை அசைத்தே பழகியவள். இது அவன் அசைத்ததா, தானே அசைத்துவிட்டோமா?

மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். படுக்கையில் தனியாகக் கிடந்த அந்தக் கையையே மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த விரல் விரிப்பை லேசாகக் கீறியது.