நாற்காலியின் அடிப்பக்கம்

தரையில் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து, "என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?" என்று கேட்டாள். பிசியோதெரபி கூடத்தில் காத்திருந்த நாலைந்து பேரும் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என் இரண்டு காதிலும் கம்மல் இருந்ததை அவள் பார்த்திருப்பாள், ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். போன வாரம் வரை அங்கே கால் ஆடுகிற இரும்பு பெஞ்சு ஒன்றுதான் கிடந்தது. இன்று அந்த இடத்தில் ஆறு புது நாற்காலிகள். ஆறும் என் நாற்காலி.

முதலில் கண்டுபிடித்தது என் கணவர்தான். அதுவும் கையால். உட்கார்ந்ததுமே அவருடைய இடது கை கைப்பிடியின் நுனிக்குப் போய், விரல்கள் மடங்கிப் பிடிப்பதற்காக அடியில் குடைந்திருந்த பள்ளத்தைப் பார்க்காமலே தொட்டுவிட்டது. "ஏய், நம்ம வீட்டு நாற்காலி மாதிரியே இருக்கே" என்றார் சந்தோஷமாக. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த நிமிடம் நான் தரையில் இருந்தேன்.

இந்தக் குனிந்து பார்க்கிற பழக்கம் எங்கள் குழுவில் வந்தது. பகலில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். சாயங்காலம் கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் மரம் அறுக்கிறவள். என்னைப் போல இருநூறு பைத்தியங்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அவரவர் தானே யோசித்துச் செய்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான்: அடிப்பக்கத்தைக் காட்டாதவரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கிவிடலாம், செய்தவருடைய யோக்கியதை அடியில்தான் தெரியும் என்பது எங்கள் கட்சி.

என் நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒரு தவறு உண்டு. பின்சட்டத்தில் ஒரு துளையை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட கறுத்த மரத்தில் முளை சீவி அடைத்துவிட்டேன். வெளிர் மரத்தில் அது மச்சம் மாதிரி தெரிந்தது. குழுவில் ஆளாளுக்குத் திருஷ்டிப் பொட்டு என்று கிண்டலடித்தார்கள். இங்கே ஆறு நாற்காலியிலும் அதே இடத்தில் அதே பொட்டு இருந்தது. அந்த இடத்தில் எந்தத் துளைக்கும் வேலை இல்லை. அது எதற்கென்று தெரியாமலே, என் அசட்டுத்தனத்தையும் சேர்த்து ஆறு தடவை வேலை மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே, யாரையாவது கன்னத்தில் அறைய வேண்டும் போல வந்தது.

யார் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. படத்தை இருநூறு பேர் பார்த்திருந்தாலும், அளவுகளை ஒருத்திக்குத்தான் அனுப்பியிருந்தேன். குழுவில் அவள் பெயர் சிவப்புக்கோடு. யார் எதைப் போட்டாலும் படத்தின் மேல் சிவப்பில் கோடு இழுத்து, இங்கே கனம், இங்கே பலவீனம் என்று எழுதுவாள். ஏதோ நாற்காலிக் கம்பெனியில் வடிவமைப்பாளர் என்று கேள்வி. அவள் ஒரு முறை 'பரவாயில்லை' என்று எழுதினால் நான் ஒரு வாரம் தரையில் நடக்க மாட்டேன். அவளை அக்கா என்று கூப்பிட்டேன், தங்கச்சி என்று அவளும் கூப்பிட்டாள்.

என் நாற்காலியின் இடது கைப்பிடி வலதைவிட ஒரு விரல் உயரம், நாலு விரல் நீளம். படத்தைப் போட்ட அன்று குழுவே கூடி என்னைத் துவைத்துக் காயப்போட்டது. ஒருவர், கைப்பிடி வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் என் அளவு நாடா தண்ணீரில் சுருங்கிவிட்டது என்றார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அக்கா அந்தக் கைப்பிடியில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்து, 'காரணம் இல்லாத கோணலுக்கு டிசைன் என்று பெயர் இல்லை தங்கச்சி' என்று எல்லாருக்கும் முன்னால் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

காரணம் இருந்தது. இருபது வருஷம் பஸ் ஓட்டியவர் என் கணவர். போன வருஷம் ஒரு காலை வேளையில் வலது பக்கம் அவருக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. இடது கையை முன்னால் ஊன்றினால் எழலாம் என்று கண்டுபிடித்து, நான்கு மாதம் செய்து பார்த்துச் செய்து பார்த்து அந்தக் கைப்பிடிக்கு வந்து சேர்ந்தேன். "படம் போடு, ஊரே பாக்கட்டும். எனக்காகன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். சரி என்று அவர் தலையைத் தொட்டுச் சொன்னேன்.

அன்று அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த கோபத்தில், அக்காவுக்குத் தனியாக எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அளவுகளோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அவளை ஜெயிக்க வேண்டியிருந்தது.

நாற்காலிக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. மேலே 'மூன்று' என்று நாற்காலியின் பெயர். அதற்குக் கீழே:

'எழுவதற்கு முன் அவர் தனக்குள் மெல்ல மூன்று வரை எண்ணுவார். அது தனக்குக் கேட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாது என்று, அவள் அடுக்களைக் குழாயைத் திறந்துவிடுவாள். அந்த அன்பில் பிறந்தது இந்த நாற்காலி.'

அவர் மெதுவாக வாசிக்கிறவர். உதடு அசைய வாசித்தார். குழாய்ச் சத்தம் எதற்கென்று அவருக்கு அன்றுவரை தெரியாது. முடித்துவிட்டு மறுபடி மேலே போய் முதலிலிருந்து வாசித்தார். என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்துகொள்ளாமல், "ஒரு கை பிடிங்க சிஸ்டர்" என்று அவளைக் கேட்டார். இந்த ஒரு வருஷத்தில் அவர் அந்நியர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் உள்ளே போனதும் தாழ்வாரத்தில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாத்துட்டியா தங்கச்சி? நானே சொல்லணும்னு இருந்தேன். எத்தன பேருக்கு உபயோகமா இருக்கு தெரியுமா?"

"என்னக் கேக்காம எப்படிக்கா செஞ்சீங்க?"

"குழுவுல போடுறதே எல்லாரும் பாக்கத்தானே. அப்புறம் உன் பேரையோ அவர் பேரையோ எங்கயாவது போட்டிருக்கா சொல்லு. யாருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியுமேக்கா."

"அத எழுதினது நீதானேம்மா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. குறை இருக்கிற இடத்தில் சரியாகக் கோடு இழுக்க அவளுக்கு எப்போதும் தெரியும். போனை வைத்துவிட்டேன். நாற்காலியைத் திருடியவள் அவள்தான். ஆனால் அவருடைய எண்ணிக்கையை அவள் திருடவில்லை, நானாக எடுத்துக் கொடுத்தேன். அவள் செய்த துரோகத்தை நினைத்து நினைத்துப் பொங்குவதற்குக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

வீடு வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்றைக்கும் போலத் தன் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. காபி கொடுத்தேன், குடித்தார். ஐந்து மணிக்கு அவர் வாசல் வரை நடக்கிற நேரம். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டதும், ஒரு வருஷப் பழக்கம், அடுக்களையில் என் கை தானாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டது.

"குழாய மூடு" என்றார்.

தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிந்தது.

"மூடுன்னு சொன்னேன்ல. தண்ணி வீணாப் போகுது."

மூடினேன். வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் கேட்டதில்லை. மரம் லேசாக முனகியது, கைப்பிடியின் பள்ளத்தில் விரல்களைக் கொடுத்து முன்னால் சாய்கிறார் என்று தெரிந்தது.

"ஒண்ணு" என்றார், பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரலில். "ரெண்டு."

நான் ஈரக் கையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு, மூன்றுக்காகக் காத்து நின்றேன்.