ஆதியம்மாளின் சவுரி

யாரும் உள்ளே வருவதற்குள் நெற்றி ஓரத்தை முடித்துவிட வேண்டும். குப்பம்மா விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு ஆதியம்மாளின் தலையில் ஒற்றிக்கொண்டிருந்தாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. நடுவில் மருந்தை நிறுத்தியபோது புதிதாக முளைத்ததும் முழுக்க நரையாகவே வந்தது.

"கதவத் தொற குப்பம்மா. இன்னா பண்ணிகினு கீற உள்ள?" வெளியே முனியம்மா தட்டினாள். குப்பம்மாவின் புருஷனுக்கு அக்கா அவள்.

"தோ, பொடவ மாத்திகினு கீறேன் அண்ணி."

ஆதியம்மாளுக்கு விடிகிற நேரத்தில்தான் உயிர் போனது. காத்தவராயனுக்கு அவள் மூத்த தாரம், குப்பம்மா இளையவள். ஒரு வீட்டில் இரண்டு தாரம் இருந்தால் வேடிக்கை பார்க்கக் குப்பமே காத்திருக்கும். முதல் வருஷம் கொஞ்சம் வேடிக்கை காட்டினார்கள். அப்புறம் அலுத்துப்போய் அக்கா தங்கையாகிவிட்டார்கள்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டச் சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் இடம் கேட்டு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கூட்டிப் போனது குப்பம்மாதான். "சாயம் கீயம் வெச்சுடாதீங்கம்மா, தோல் புண்ணாயிடும்" என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கரி. சோப்பும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். குப்பம்மா அப்படித்தான் செய்துவந்தாள்.

மாமல்லபுரம் கடைத்தெருவில் ஆதியம்மாளைக் கொண்டையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். மீன்கூடைக்குச் சும்மாடே வேண்டாம், கொண்டை போதும் என்று கேலி பேசுவார்கள். அவள் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "சாவுக்கு ஊரே வந்து பாக்கும். மொட்டையா, நரையா என்ன காட்டிடாத குப்பு." குப்பம்மா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

தலை வாரும்போது வரும் முடியைச் சுருட்டிக் கூரையில் செருகி வைப்பது குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் வழக்கம். கண்ட இடத்தில் போட்டால் யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஆதியம்மாள் படுக்கையில் விழுந்த பிறகு, குப்பம்மா கீழே உட்கார்ந்து தலை வாரும்போது கட்டிலிலிருந்தே கையை நீட்டுவாள். "கீழ போடாத, இங்க குடு." அதையும், கூரையில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பம்மாவின் முடியையும் சேர்த்து அவளே சவுரி கட்டிக் கறுப்புத் துணிப்பட்டையில் தைத்தாள். ஒரே ஒரு தடவை தலையில் வைத்துப் பார்த்தாள். "உன்னியாட்டம் கீறேன்டி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டாள்.

இப்போது குப்பம்மா அந்தப் பட்டையை அக்காவின் தலையில் இறுக்காமல் கட்டி, முடிச்சை உள்ளே மறைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஓலைத்தட்டி மறைவில், நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள். முனியம்மா எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்து அழுத்தப் போனாள்.

"அழுத்தாதீங்க அண்ணி. ஒத்துங்க. வலிக்கும் அவங்களுக்கு."

பெண்கள் குப்பம்மாவைப் பார்த்தார்கள். முனியம்மா விரல் நுனியால் மெல்லத் தொட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

அப்போதுதான் காத்தவராயன் கடலிலிருந்து வந்தான். கரையில் யாரோ, "உன் வூட்ல சாவு, போ" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். தட்டியைத் தாண்டி வந்தவனுக்கு நாற்காலியின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஈரமுடி இடுப்புவரை தொங்கி, நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த துடுப்பு கீழே விழுந்தது.

"குப்பம்மா" என்றான், பிணத்தைப் பார்த்து.

குப்பம்மா தவலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு கணம், நாற்காலியில் இருப்பது தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பயந்துபோய்த் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க கீறேன்" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். மறுபடி நாற்காலியைப் பார்த்தான். முனியம்மாவும் பார்த்தாள். ஈரமுடியைக் கையில் எடுத்து எடை பார்ப்பவள்போலத் தூக்கினாள்.

"சவுரியா இது? யார் முடிடி?"

குப்பம்மா தவலைத் தண்ணீரை மொள்ளக் குனிந்தாள். முனியம்மா விடவில்லை.

"எடுத்துடு. உசுரோட கீறவ முடி பொணத்தோட எரிஞ்சா, முடிக்காரிய இட்டுகினு பூடும். தெரியும் இல்ல?"

தெரியும். குப்பம்மா அதை நம்பவும் செய்தாள். அவளுக்குச் சாக ஆசையில்லை. என் முடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் கடைத்தெருவே வந்து நின்றிருந்தது. அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"அக்கா முடிதான் அண்ணி. கொட்னதெல்லாம் சேத்து வெச்சி அவங்களே கட்னாங்க."

காத்தவராயன் வாயைத் திறந்தான். அந்த முடியை அவனைவிட யாருக்குத் தெரியும்? குப்பம்மா அவனையே பார்த்தாள். அவன் குனிந்து துடுப்பை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான்.

தண்ணீரில் கரைந்த கரியை அவள் மறுபடி தொட்டு வைத்தாள். கொண்டையைப் போட்டுப் பூச்சுற்றினாள். பார்த்தவர்கள், "அதே கொண்டை, ஆதியம்மா அப்படியே கீறா" என்று அழுதார்கள்.

பாடையோடு போன பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். வீடு கழுவி, தலைமுழுகி உட்கார்ந்தபோது சுடுகாட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. முடி கருகும் வாசனை எல்லோர் மூக்குக்கும்தான் வந்தது. குப்பம்மாவுக்கு மட்டும் உச்சந்தலை கொதித்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

எல்லோரும் போன பிறகு கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து தலை வாரினாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து, திரும்பிப் பார்க்காமல், பழக்கத்தில் கையைக் கட்டில் பக்கம் நீட்டினாள்.

"இந்தாக்கா."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. ஆனாலும் கையை உடனே இழுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது உள்ளங்கை காலியாக இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, கடல்காற்று வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து தேடவில்லை.