பக்கத்து சீட்டு பிரேக்

தெருவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பயிற்சி வண்டியின் முதுகில் ‘இன்றுவரை ஒரு கீறல் இல்லை’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். மழைக்கு எழுத்து கொஞ்சம் மங்கினாலும் போதும், மறுநாளே பெயின்ட் டப்பாவும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அந்த வேலையில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தாலும் தெருவுக்கு அவள் வாத்தியாரம்மா, அவ்வளவுதான்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அவள் அக்காவைப் பார்க்கப் போவாள். ஊரின் மறுகோடியில், எதிர்ச்சுவரைத் தவிர வேறெதையும் காட்டாத ஒரே ஜன்னல் வைத்த அறையில் அக்கா இருந்தாள். நுரையீரல் பழுது. பஸ்ஸில் ஏற உடம்பு இடம் கொடுக்காது. வாடகைக் காரில் அடித்து வைத்திருக்கும் வாசனைக்கு அரை மணி நேரம் இருமுவாள். தலை நரைத்த பிறகு தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான். வீட்டில் கிடந்த பழைய நீலக் காரில் அக்காவை முன்னால் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆற்றங்கரைச் சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் போவாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்துப்போவான்.

“வாரம் பூரா அந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்டி. இன்னைக்கு ஒரு நாள்தான் உசுரோட இருக்கேன்” என்பாள் அக்கா. அதைக் கேட்கிற சந்தோஷத்துக்காகவே வாத்தியாரம்மா மிச்ச நாளெல்லாம் லென்ஸ் தேய்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் வாத்தியாரேதான். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக் உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித்தரும்போது அவருக்கென்று ஒரு முறை இருந்தது. “கண்ணாடியைப் பாரு, ஸ்டியரிங்கைப் பாரு. பிரேக்கை என்கிட்ட விட்டுடு” என்பார். ஒரே நேரத்தில் மூன்று விஷயம் சொன்னால் பயந்தவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பது அவர் கட்சி. நல்ல முறைதான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் பின்னால் எடுக்கக் கற்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை பயிற்சி வண்டி ஒர்க்ஷாப்பில் இருந்தது. கடைக்குப் போகிற வழியில் அவரை அங்கே இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அவள் நீலக் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு. அதில் வண்டி தானாகவே பின்னால் இறங்கும். எதிர்ச்சாரியில் பல் டாக்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வெள்ளைக் கார் நின்றிருந்தது.

“கண்ணாடியைப் பாரு, ஸ்டியரிங்கைப் பாரு. பிரேக்கை என்கிட்ட விட்டுடு” என்றார் வாத்தியார், வழக்கம்போல.

அவளும் வழக்கம்போல விட்டுவிட்டாள். தனியாகப் போகிற நாளெல்லாம் காலை பிரேக்கிலிருந்து எடுக்காதவள், அந்தக் குரலைக் கேட்டதும் மாணவியாகிவிட்டாள். வண்டி இறங்கியது. வாத்தியார் தன் பங்குக்குப் பலமாக மிதித்தார். காலடியில் இருந்தது வெறும் தரைவிரிப்பு. அதை அவர் மிதித்த மிதிக்கு லாரியே நின்றிருக்கும். வெள்ளைக் காரின் கதவு உள்ளே போன சத்தம் பெரிதாகக்கூட இல்லை.

வாத்தியார் இறங்கிப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, “வண்டியை எடு” என்றார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாங்க.”

“காலங்காத்தால எதுக்கு? சாயந்திரம் நானே சொல்லிக்கிறேன்.”

சாயந்திரம் வந்தது, அவர் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். வாத்தியார் யானையாக இருக்கச் சம்மதிப்பார், சறுக்குவதற்கு மட்டும் சம்மதிக்கமாட்டார்.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. பல் டாக்டர் குப்பை வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். வாயைத் திறக்கச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர், தான் திறந்தால் எப்படியிருக்கும் என்று அன்று காட்டினார். குப்பை வண்டிக்காரர் கையுறையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, “நான் இந்தப் பக்கம் திருப்பவே இல்லைங்க, சார்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வாத்தியாரம்மா சமையலறையில் நின்று அத்தனையையும் கேட்டாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அந்த மனுஷனைப் போட்டு வதைக்கிறாங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க. நீங்க போகலன்னா நான் போறேன்” என்றாள்.

வாத்தியார் யோசித்தார். பிறகு சட்டையை மாட்டினார். “நீயும் வா” என்றார். தெருவைக் கடக்கும்போது அவளுக்கு அவர்மேல் பாசம்கூட வந்தது. என்ன இருந்தாலும் நேர்மையான மனுஷன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தாள். அந்தப் பத்தடித் தூரத்துப் பாசத்தை நினைத்துப் பின்னால் அவள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

டாக்டர் வீட்டுக் கூடத்தில் சோபா மீது இன்னும் பிளாஸ்டிக் உறை இருந்தது. உட்கார்ந்தால் கரமுரவென்று சத்தம் போட்டது. வாத்தியார் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் மனைவி உள்கதவோரம் நின்றாள்.

“டாக்டர், உங்ககிட்ட மறைக்க விரும்பல. வீட்டுக்காரிதான் இடிச்சிருக்கா. நான் இல்லாத நேரம் தனியா எடுத்திருக்கா. எனக்கே இப்பத்தான் சொன்னா.”

அவள் இடிச்ச புளி மாதிரி நின்றாள்.

“நீங்களும்தானே வண்டியில இருந்தீங்க?” என்றாள். “பிரேக்கை நான் பாத்துக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

வாத்தியார் சிரித்தார். “பயிற்சி வண்டியில சொன்னதைச் சொல்றா, டாக்டர். பயத்துல எல்லாம் குழம்பிக் கிடக்கு. இந்த வண்டியில எனக்கு ஏது பிரேக்?”

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். இரண்டாவது பிரேக் இல்லாத வண்டியில் வாத்தியார் பிரேக் பிடித்தார் என்று யாரிடம் சொல்லி நம்பவைப்பது? டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“செலவெல்லாம் ஒண்ணும் வேணாம், சார். இன்சூரன்ஸ் இருக்கு. அக்கம்பக்கத்துல நமக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? ஒண்ணே ஒண்ணுதான். அவங்க இனிமே இந்தத் தெருவுல வண்டி எடுக்காம இருந்தா நல்லது. நாளைக்கு ஒரு உசுரு மேல ஏத்திட்டா?”

“சாவி இனிமே என்கிட்டதான் இருக்கும்” என்றார் வாத்தியார், கேட்டு முடிப்பதற்குள். அவள் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறாள். வாங்குகிற கை உரிமையோடு நீண்டால், கொடுக்கிற கை யோசிக்காமல் கொடுத்துப் பழகியிருந்தது. வேறு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆண்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். காபி வந்தது.

கிளம்பும்போது டாக்டர் மனைவி கேட் வரை கூடவே வந்தாள். வாத்தியார் முன்னால் போய்விட்டார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மனசுல வச்சுக்காதீங்க, வாத்தியாரம்மா. எனக்குத் தெரியும். நேத்து நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். அவர் இறங்கி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரே, மேல மட்டும் பாக்கல.”

“பாத்தீங்களா? அப்ப உள்ள ஏன் வாயைத் திறக்கல?”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்தே சொல்லிட்டேனே.”

வாத்தியாரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். “தெரிஞ்சுக்கிட்டேவா குப்பை வண்டிக்காரரை அந்தத் திட்டுத் திட்டினாரு?”

“உங்க வீட்டுக்குக் கேக்கட்டும்னுதான். கேட்டுட்டு அவரே வருவாருன்னு பாத்தோம். வந்தாரு, ஆனா இப்படிச் சொல்லுவாருன்னு நாங்க நினைக்கல.” அவள் கேட்டின் கம்பியைத் தடவினாள். “அடுத்த வாரம் என் மகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ரெண்டு தடவை போயாச்சு, ரெண்டு தடவையும் பெயில். இந்தத் தடவை வாத்தியாரே கூட வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல அவர் முகத்துக்கு நேரா பொய்னு சொல்ல முடியுமா, சொல்லுங்க? நீங்க பெரியவங்க. புரிஞ்சுக்குவீங்கன்னுதான்...”

புரிந்துகொள்ள முடியாமலா? நன்றாகவே புரிந்தது. கதவில் விழுந்த பள்ளத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தது, வாத்தியாரின் பெயருக்கு டாக்டர் இருந்தார், மகளின் டெஸ்ட்டுக்கு வாத்தியார் இருந்தார். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லாமல் விவகாரம் தீர்ந்துவிட்டது.

வீட்டில் வாத்தியார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

“அவங்க எல்லாத்தையும் மாடியிலேருந்து பாத்திருக்காங்க. டாக்டருக்கும் தெரியும்” என்றாள்.

தாள் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். “தெரிஞ்சும் பேசாம இருக்காங்கன்னா பெரிய மனுஷங்கன்னு அர்த்தம்” என்றார். “நீ அதைக் கிளறாத.”

“உங்களுக்கு வெக்கமாவே இல்லையா?”

“இல்லாத பிரேக்கை மிதிச்சேன்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? என்கிட்ட எவன் கத்துக்க வருவான்? ஊரே சிரிக்கும். உனக்கென்ன, உன் பேர் கெட்டா கண்ணாடி போடறவன் வேற கடைக்கா போயிடப் போறான்?”

“அக்காவை எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“நான் கூட்டிட்டுப் போறேன், ஒரு நாளைக்கு.”

“என்னைக்கு?”

அவர் பக்கத்தைத் திருப்பினார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

புதன்கிழமை வந்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள். வழியெல்லாம் அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மனசில் இருப்பதைக் கொட்ட அவளுக்கும் ஓர் ஆள் வேண்டாமா? அக்கா வாய்த்துடுக்குக்காரி. வாத்தியாரை நார்நாராகக் கிழித்துவிடுவாள். அதைக் கேட்டாலாவது நெஞ்செரிச்சல் அடங்கும் என்று தோன்றியது.

அக்கா கட்டடத்தின் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாடியிலிருந்து இறங்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கித்தான் இறங்குவாள். தலை வாரி, செருப்பு மாட்டி, சால்வையை மடியில் தயாராக வைத்திருந்தாள்.

“வண்டி எங்கடி? முக்குல நிறுத்திட்டியா?”

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். “நம்ம வண்டி இடிச்சிடுச்சு. எதிர் வீட்டுக்காரர் கார்ல. அன்னைக்கு அவரும்...”

“ஐயையோ, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?” அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு நடுவிலேயே பேசினாள். “அவருக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்டி. அப்பா போனப்புறம் உனக்குன்னு நான் பாத்துப் பாத்துத் தேடின மாப்பிள்ளை. வேற எதுல தோத்தாலும் இதுல நான் தோக்கல. ராத்திரி மூச்சு முட்டுறப்ப அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்குவேன். சொல்லுடி, அவரும் வண்டியில இருந்தாரா?”

வாத்தியாரம்மா அக்காவின் முதுகைத் தடவினாள். சால்வைக்குக் கீழே எலும்பு எலும்பாக இருந்தது.

“இல்லக்கா” என்றாள். “நான் மட்டும்தான். நான்தான் இடிச்சேன்.”

மற்றவர்கள் ஆயிரம் சொன்னார்கள். அவள் வாயிலிருந்து அது வந்தது அப்போதுதான் முதல் தடவை.

அக்காவின் மூச்சு மெல்ல அடங்கியது. “நான் அப்பவே நினைச்சேன். இந்த வயசுல நமக்கு எதுக்குடி வண்டி? எனக்காகத்தானே எடுத்த, பைத்தியக்காரி. சரி, மாப்பிள்ளை ரொம்பத் திட்டினாரா?”

“இல்லக்கா. ஒரு வார்த்தை சொல்லல. அவரே போய்ப் பேசி முடிச்சு வச்சுட்டாரு.”

“பாத்தியா!” அக்காவின் முகம் மலர்ந்தது. “தங்கமான மனுஷன்டி. நீதான் அவரை நல்லா வச்சுக்கணும்.” நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ முயன்றாள். “கையைக் கொடு, மேல ஏறுவோம்.”

வாத்தியாரம்மா கையைக் கொடுத்தாள். முதல் படியில் இருவரும் நின்றார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.