ஆறாவது பாட்டின் இரண்டாம் குரல்

எங்கள் இசைக்குழுவில் பாடுபவன் நான். பாடுபவன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் அம்மா அதை 'மாடு கத்துறது' என்பார். அடிவயிற்றுக் காற்றைத் தொண்டையில் பிடித்து உறுமுவதுதான் வேலை. மெட்டல் இசை. பாட்டெல்லாம் ஆண்டவரைப் பற்றியது. உறுமலில் ஒரு சொல்லும் புரியாது என்பதால் சபைப் பெரியவர்கள் எங்கள் பாட்டைக் கேட்பதில்லை. தாளில் வாசித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பகலில் எனக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டு, தேய்த்து, பளபளப்பாக்கித் தருவேன். ஊரில் பலருடைய சிரிப்பு என் கைவேலை. என் சிரிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மனைவி பிரிந்து போய் ஏழு மாதம். செத்துப்போயிருந்தால் வீடு கொள்ளாத ஆள் வந்திருக்கும், உட்கார நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கியிருப்பேன். பிரிந்து போனால் யாரும் வருவதில்லை. யார் பக்கம் பேசுவது என்ற குழப்பத்தில் எல்லோரும் "உங்கள ஜெபத்துல வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வைத்தவர்கள் வைத்த இடத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதில் இன்னொரு கூத்து, எங்கள் டிரம்மர் என் மனைவியின் தம்பி. முன்பெல்லாம் வாய்க்கு வாய் அத்தான் என்பான். இப்போது என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இங்க பாருங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறான். நானும் சுவருக்கே பதில் சொல்லிவிடுவேன். இரண்டு பேரையும் வேன் பின்சீட்டில் உட்காரவைத்தால் நடுவில் ஒரு கிடார் பெட்டி கட்டாயம் இருக்கும்.

எங்கள் முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. பழைய டயர் கிடங்கு ஒன்றைப் பஞ்சுப்பலகை அடித்து ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். ஏசி போட்டாலும் ரப்பர் நாற்றம் போகாது. பாட்டெழுதி, கிடார் வாசித்து, எங்களை வழிநடத்துபவனுக்கு டியூஷன் என்று பேர். கணக்கு வாத்தியார், எதையும் மூன்று தடவை விளக்காமல் விடமாட்டான். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் கைகோத்து ஜெபம். நானும் டிரம்மரும் எதிரெதிர் மூலையில் நின்றுகொள்வோம், கை கோக்க வேண்டி வராது.

இரண்டாவது பாட்டைப் பதியும்போது எனக்கு ஒரு வரி மறந்துபோயிற்று. நிறுத்தினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததை உறுமிவிட்டேன். "குழாய் ஒழுகுது! சமையக்கட்டுக் குழாய் ஒழுகுது!"

வெளியே வந்தால் டியூஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு அபிஷேகம் எறங்குச்சுடா உன்மேல" என்று கட்டிக்கொண்டான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் அந்த வேடிக்கையைச் சொல்ல ஆள் இல்லை. குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உள்ளுக்குள் ஏதோ விட்டுப்போனது.

ஆறாவது பாட்டு மெதுவானது. பைபிளில் ஜனங்கள் கத்திய சத்தத்திலேயே எரிகோ நகரத்தின் மதில் விழுவதைப் பற்றி டியூஷன் பதினாறு வரி எழுதியிருந்தான். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் ஒரு வரியையும் பாடவில்லை. "ஏழு மாசமா ஒருத்தன் கதவத் தட்டல. நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தர் கேக்கல. ஆண்டவரே, நீங்களாவது கேளுங்க. யாராவது கேளுங்கடா." இதையே மாற்றி மாற்றி நாலரை நிமிடம் உறுமினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தலையை ஆட்டி ரசித்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆல்பம் வெளியாகும் நாளுக்குள் ஒரே ஒருவர் காதில் இது விழுந்தால் இருப்பேன். இல்லையென்றால் குழுவும் வேண்டாம், சபையும் வேண்டாம். ஆண்டவரை என்ன செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போதகர் ஒருநாள் கேட்க வந்தார். சோபாவில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, ஆறாவது பாட்டை விரல் வைத்து வரி வரியாகத் தொடர்ந்தார். யாரும் கதவைத் தட்டாததை நான் கத்தினேன். அவர் விரல் எரிகோவில் இருந்தது. "வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா விழுது தம்பி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு எதிரே எழுதி வைத்திருப்பதைத்தானே காது கேட்கும்?

பிறகு ஒரு சிக்கல் வந்தது. உறுமல் கனமாகக் கேட்க வேண்டுமானால் அதே சொற்களை, அதே இடத்தில் மூச்சுவிட்டு, இன்னொரு தடவை பதிந்து முதல் குரல்மேல் ஏற்ற வேண்டும். வழக்கமாக இரண்டையும் நானே செய்வேன். இரண்டாம் குரலில் ஐந்து பாட்டு முடித்ததும் தொண்டை வீங்கிவிட்டது. இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அதில் எனக்குச் சிரமமே இல்லை. என் வீட்டில் அது ஒரு மாற்றமாகவே தெரியவில்லை.

நாலாம் நாள் டியூஷனிடமிருந்து செய்தி வந்தது. மிச்சப் பாட்டுக்கு இரண்டாம் குரலை டிரம்மர் கொடுக்கிறானாம்.

செய்தியை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் குரல் கொடுப்பவன் வாத்தியத்தையெல்லாம் அணைத்துவிட்டு, முதல் குரலை மட்டும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டாக வேண்டும். எதுகை மோனையோடு எழுதிய எரிகோ வரி என் உறுமலோடு எங்கும் பொருந்தாது; கண்டுபிடித்துவிடுவான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நான் சொந்தத் தொண்டையில் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அந்த யாராவது அவனாக இருக்க வேண்டுமா? அக்காவிடம் போய்ச் சொல்வான். அவள் பாவம் பார்ப்பாள். அதற்கு யாருமே கேட்காமல் இருந்திருக்கலாம்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. சனிக்கிழமை மதியம் ஒலிப்பதிவாளர் வரச்சொன்னார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். எங்கள் ஜெப நேரத்தில் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். முன்னறையில் டிரம்மர் தரையில் உட்கார்ந்து சிம்பல் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஆறாவது பாட்டுக்கு அவரு நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டாருங்க" என்றார் ஒலிப்பதிவாளர். "மொதல்ல உங்க குரலையே கேட்டுட்டு இருந்தாரு. அப்புறம் தாள மடிச்சுப் பைல வெச்சுட்டு, லைட்ட அணைக்கச் சொன்னாரு. ரெண்டு குரலும் ஒட்டுதான்னு நீங்களே பாருங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இடது காதில் நான். வலது காதில் அவன்.

ஏழு மாசமா ஒருத்தன் கதவத் தட்டல என்றேன் நான். கூடவே அவனும் அதையே சொன்னான். மூச்சு விட்ட இடம்கூட மாறவில்லை. எரிகோ அவன் வாயிலும் இல்லை. என் வரிகளை ஒன்றுவிடாமல், ஏதோ தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்வதுபோல் தொண்டை கிழிய உறுமிக்கொண்டே வந்தான். யாராவது கேளுங்கடா என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தி முடித்தோம்.

அதன் பிறகு என் பக்கம் வெறுமை. அவன் பக்கம் இன்னும் முடியவில்லை. ஒரு நீண்ட மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடிவயிற்றிலிருந்து, மதில் என்று ஒன்று நிஜமாக இருந்தால் இடிந்திருக்கும் அந்தக் குரலில் உறுமினான்:

"சாப்பிட்டீங்களா?"

"கடைசில ஏதோ கூடுதலா கத்தியிருக்காரு, வெட்டிரட்டுங்களா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். சிம்பல் எல்லாவற்றையும் சுற்றி முடித்துவிட்டு, கையில் மிஞ்சிய துணியோடு அவன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் இல்லடா" என்றேன்.