பலூன் வந்து மூடின ரோடு

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவனின் கையைப் பிடித்து நிறுத்தினார் விநாயகம்.

"இருடா. எம்புள்ள இன்னா சொல்றான்னு கேட்டுக்கினு வெட்டு."

உள்ளே ஐஸ் பெட்டியில் அவர் மனைவி ராஜாம்பாள் கிடந்தாள். நேற்று மாட்டைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்த பொம்பளை, உட்கார்ந்த மேனிக்கே சாய்ந்துவிட்டாள். ஐப்பசித் தூறல் விட்டபாடில்லை.

லிதுவேனியாவில் லாரி ஓட்டும் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்த மகள் ஷோபனா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நைனா, அண்ணனால வரமுடியாதாம். லிதுவேனியாவுக்குள்ள போற ரோட்ட மூடிட்டாங்களாம், பலூன் வருதுன்னு."

"இன்னாது?"

"பலூன் நைனா. பக்கத்து நாட்டுலேர்ந்து சிகரெட்டக் கட்டிப் பறக்க வுடறாங்களாம். ஏரோப்ளேன் எறங்க முடியலயாம். அதனால லிதுவேனியாக்காரங்க பார்டர மூடிட்டாங்க. அவன் அந்தப் பக்கத்து நாட்டுல லோடு எறக்கப் போன எடத்துல லாரியோட மாட்டிக்கினான். அந்தப் பக்கமும் வுடலயாம்."

ராஜாம்பாளின் தம்பி பூபதி சும்மா இருப்பானா?

"எந்த பலூன் மாமா? மலையனூர் தேருல விப்பானே, அதுவா? லீவு தரலன்னு சொல்லியிருந்தா நான்கூட நம்பியிருப்பேன்."

"வாய மூடுடா. எம்புள்ள பொய் சொல்லமாட்டான்."

சொல்லிவிட்டாரே தவிர, ரேஷன் கடைத் தராசையே நம்பாத மனுசன் அவர். பெற்றவள் முகத்தைப் பார்க்க மனசிருந்தால் பலூனா குறுக்கே நிற்கும்? நெஞ்சு எட்டிக்காயாய்க் கசந்தது.

"கொள்ளி யாரு மாமா?"

"நான் வெக்கறேன். மூங்கில வெட்டுங்கடா."

நாவிதர் குரு பலகையைப் போட்டு, விநாயகத்தின் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்தார். அப்போது ஷோபனா ஓடி வந்தாள்.

"நைனா, அண்ணன் வீடியோல வர்றான்."

லாரிக்குள் உட்கார்ந்திருந்தான் எழிலன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் வரிசையாக லாரிகள். தலையில் மயிர் இல்லை. மீசை இல்லை. மண்டையெல்லாம் கீறல், காதுக்கு மேலே ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"நைனா, அம்மாவ எடுத்துட்டீங்களா?"

"இல்லடா." போனை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். "யாருடா மழிச்சது?"

"நானேதான். தாடி வழிக்கிற பிளேடு. பின்னால தெரியல நைனா."

"குளிருதா?"

"ம்."

குரு கத்தியோடு காத்திருந்தார். பூபதி தலையைக் குனிந்துகொண்டான்.

விநாயகம் துண்டின் நுனியை விரலில் சுற்றி, மகனின் காதுக்கு மேலே போன் கண்ணாடியை மெல்லத் துடைத்தார். எழிலன் அசையாமல் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான்.